சிரட்டையில் வார்த்த மெழுகுதிரி

கொழும்புத்துறை
5.11.1993

அன்பு மகள் யசிந்தாவுக்கு,

மாதாவின் காவலில் நானும் அம்மாவும் சுகம். நீயும் மருமகனும் அந்தக் குளிரில் நோய்நொடி இல்லாமல் இருக்க ஒவ்வொரு பூசையிலும் மன்றாடுகிறோம். கொழும்புக்குப் போகும் செபநாயகம் மாஸ்டரிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன், எப்போது உன் கைக்கு வருமோ தெரியாது.

மெழுகுதிரித் தொழில் எப்படி என்று கேட்டிருந்தாய். மெழுகு வருவது தடைபட்டு மூன்று வருஷமாகிறது, கோவிலில் எரிந்து மிஞ்சும் துண்டுகளைச் சுவாமியார் தருகிறார், அதை உருக்கி வார்த்துத்தான் ஓட்டுகிறேன். முன்பு கலியாணத்துக்கும் திருநாளுக்கும் முழ நீளத் திரி கேட்பார்கள், இப்போது இறந்தவர்களுக்கான ஆத்துமாக்கள் திருநாளுக்கு மட்டும்தான் ஆள் வருகிறது. அதற்கும் பழைய அச்சில் அதே முழத் திரியைத்தான் வார்த்து வைத்தேன், என் பிடிவாதம் உனக்குத் தெரியும்தானே. போன மாதக் கடைசியில் அற்புதராணி வந்தாள், கடலுக்குப் போய்த் திரும்பாத செபமாலையின் பெண்சாதி. வாங்கின திரியைத் திருப்பி நீட்டி, அண்ணை உது கடற்கரைக் காத்துக்கு நிக்குதில்லை, தேங்காய்ச் சிரட்டைக்குள்ளை ஊத்தித் தாங்கோ என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. மெழுகுதிரி எண்டால் நிமிர்ந்து நிக்கவேணும், சேமக்காலைக் கல்லறையிலை கொண்டுபோய்க் கொளுத்து பிள்ளை என்று விறைப்பாகச் சொன்னேன். அங்கை எனக்கு எந்தக் குழி இருக்கு அண்ணை என்று கேட்டாள்.

கல்லறை இல்லாதவர்களுக்கும் திரி வேண்டும் என்பது இத்தனை வருஷம் தொழில் செய்த இந்த மடையனுக்குத் தோன்றவே இல்லை. அச்சுகளை மூலையில் போட்டுவிட்டு வீடு வீடாகச் சிரட்டை பொறுக்கினேன். பாதி மெழுகில் மூன்று மணித்தியாலம் காற்றில் நின்று எரிகிறது. கேள்விப்பட்டுக் குருநகர் ஆட்களும் வந்தார்கள், திரும்பாதவர்களின் பெயர் போட்டுத் தரச் சொன்னார்கள், அம்மாவின் எழுத்து வடிவானது என்பதால் அவள்தான் ஆணியால் சிரட்டையில் கீறிக் கொடுத்தாள். ஐம்பத்திரண்டு பெயர்கள். நான் எங்கள் வின்சன்றின் பெயரை மட்டும் வாயில் எடுக்கவில்லை. உன் தம்பி தை மாதம் கிளாலியில் படகேறியதிலிருந்து ஒரு தகவலும் இல்லை, அந்தப் படகில் போன எவரும் கரை சேரவில்லை என்கிறார்கள். சுவாமியார் இறந்தவர்களின் பட்டியலுக்குப் பெயர் கேட்டபோது, என்ரை பிள்ளை வருவான் என்று அம்மா எழும்பிப் போய்விட்டாள். அவள் மனம் உடையக்கூடாது என்றுதான் பேசாமல் இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். திருநாளன்று கூடையைத் தூக்கப் போனால் மேலே ஒரு சிரட்டை, வின்சன்ற் என்று அவளுடைய எழுத்தில். உதையும் கொண்டுபோங்கோ, நான் வரேல்லை என்று சொல்லிவிட்டுக் அடுப்படிக்குள் போய்விட்டாள்.

கடற்கரையில் எல்லாருடையதும் எரிந்தது. நான் நெருப்புப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன், மகளே, என்னால் முடியவில்லை. நம்பிக்கொண்டு இருந்தது அம்மா அல்ல, நான்தான் என்று அங்கேதான் தெரிந்தது. அற்புதராணி வந்து ஒன்றும் கேட்காமல் கொளுத்தினாள். அவ்வளவு காற்றிலும் அது அணையவில்லை. நான் சனத்துக்கு நடுவில் வாய்விட்டு அழுதேன்.

குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ, ஞாயிறு பூசையைத் தவறவிடாதே. மாதா தன் போர்வைக்குள் உங்கள் இருவரையும் வைத்துக் காக்கட்டும். இன்னொன்று, தம்பி வந்துவிட்டானா என்று ஒவ்வொரு கடிதத்திலும் கேட்கிறாய். அம்மாவுக்கு எழுதுவதில் இனி அதைக் கேட்காதே. எனக்கு எழுதுவதில் கேள்.

உன் அன்பு அப்பா,
சூ. இன்னாசித்தம்பி