பெண்கள் ஞாயிறும் ஒரு சாட்சியும்

ஜூலை 8, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மழை. துணி காயவில்லை. கரண்ட் வந்து, மாவு அரைப்பதற்குள் போய்விட்டது. பாதி அரைந்த உளுந்து அப்படியே கிடக்கிறது.

டோ செல்வம் போன். எங்கள் தமிழ்ச் சபையின் பெண்கள் ஐக்கியத் தலைவி; பர்மாவில் அம்மா என்பதற்கு டோ. முடியாது என்று சொல்ல விடாத குரல். வரும் ஞாயிறு பெண்கள் ஞாயிறு. வருஷா வருஷம் ஒருத்தி எழுந்து, தனக்கு வழிகாட்டிய ஒரு பெண்ணைப் பற்றிச் சாட்சி சொல்வது வழக்கம். இந்த வருஷம் நான்.

"எஸ்தரு, கொஞ்ச நேரம் பேசினா போதும்மா. மிஷனெரி அம்மா கதை மட்டும் வேணாம். புள்ளைங்க தூங்கிருதுங்க."

சரி என்றேன். யாரைப் பற்றி? யோசிக்க என்ன இருக்கிறது. குளியலறைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிற மூன்று பேரில் ஒருத்தி.

மூவரும் அமெரிக்காவின் கருப்பினப் பெண்கள். ஒருத்தி பாடினாள். ஒருத்தி எழுதினாள். ஒருத்தி தன் ஜனத்தின் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தி, உரிமை கேட்டு மேடை மேடையாகப் பேசினாள். மூவரும் பெண்களைக் காதலித்தவர்கள். கியாக்டடாவில் என் ஆபீஸுக்குக் கீழே உள்ள கடையில்தான் படங்களைப் பிரிண்ட் எடுத்தேன். கடைக்காரர் என் முகத்தையும் படங்களையும் பார்த்து, சொந்தக்காரர்களா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அன்றைக்கு முழுக்க சந்தோஷமாக இருந்தது.

பள்ளிக்கூடம் நடத்திய அம்மாதான். பெயரை இங்கே எழுதவில்லை. ஞாயிறு வாயால் சொல்லிக்கொள்கிறேன்.

ஜூலை 9, புதன்

சூலே வரை பஸ்ஸில் நின்றபடி. "காலாமா, உள்ள போ" என்று கண்டக்டர். இந்தியக்காரிக்கு, கருப்பிக்கு இங்கே அந்தப் பெயர். பள்ளிக்கூடத்தில் எனக்கு அதுதான் பெயர். வீட்டுக்கு வந்தால் சித்தி: "கருப்பி, வெயில்ல நிக்காதடி, இன்னும் கருத்துருவ." அம்மா தனாக்கா மரப்பட்டைச் சாந்தைச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதுபோல் என் முகத்தில் அப்புவாள்.

இன்றும் பூசுகிறேன். குளிர்ச்சிக்கு மட்டும். பூசுமுன் கண்ணாடியைப் பார்த்துச் சத்தமாக ஒரு வாக்கியம். இன்றையது: நான் கருப்பு, என்னைத் தப்பாகப் படைக்கவில்லை. நேற்றையது: நான் லில்லியை நேசிக்கிறேன், அது பாவம் இல்லை. ஆரம்பத்தில் ஒரே கூச்சம். பைத்தியமே என்று நானே என்னைத் திட்டிக்கொண்டேன். படத்திலிருந்து மூன்று பேர் பார்த்துக்கொண்டிருந்ததால் நிறுத்தவில்லை. அவர்களுக்கும் முதல் தடவை நாக்கு எழும்பியிருக்காது.

லில்லியும் நானும் இந்தத் தாமுவே வீட்டில் பதினோரு வருஷமாக இருக்கிறோம். சபைக்குத் தெரிந்தவரை அவள் வாடகையைப் பங்கு போடுகிறவள். சபையின் பாலர் பள்ளியில் டீச்சர். ஞாயிறு ஆராதனையில் தமிழில் சொல்வதை வாக்கியம் வாக்கியமாகப் பர்மியில் சொல்பவளும் அவள்தான். சின்னதுகளில் பாதிக்குத் தமிழ் எட்டுவதில்லை. அப்படியானால் நான் எதைச் சொன்னாலும் அவள் வாயாலும் வந்தாக வேண்டும். இது எனக்குச் சாயங்காலம் வரை உறைக்கவே இல்லை. மரமண்டை.

"அந்தம்மாவப் பத்தி எல்லாம் சொல்லு. யாரோட இருந்தாங்கன்னு மட்டும் சொல்லாத" என்றாள் லில்லி.

"அத விட்டுட்டு என்னத்தச் சொல்றது?"

"தோழின்னு சொல்லேன். என்ன குறைஞ்சிரும்?"

"காதலிய எப்பிடிடீ தோழின்றது?"

"எஸ்தரு, நீ திங்கக்கிழமை ஆபீஸுக்குப் போயிருவ. நான் அந்தப் புள்ளைங்களோட அம்மாமார் மூஞ்சில முழிக்கணும். உலை வாய மூடலாம், ஊர் வாய மூட முடியுமா? வேலைய விட்டுத் தூக்கிட்டா?"

பிறகு மெதுவாக, "நீ என்ன சொன்னாலும் நான் பர்மியில தோழின்னுதான் சொல்லுவேன்" என்றாள். போய் அரிசி களைந்தாள். ஒரு படி அரிசியை அவ்வளவு நேரம் யாரும் களைந்ததில்லை.

ஜூலை 10, வியாழன்

வாசோ மாதப் பௌர்ணமி லீவு. தெருவெல்லாம் புத்தர் பகோடாவுக்குப் போகிற கூட்டம், கையில் பூவும் குடையும். மழை விட்டு விட்டு.

லில்லியோடு இன்று பேசியது: "உப்பு?" "தீந்துருச்சு." அவ்வளவுதான்.

சாட்சியை எழுதி முடித்தேன். "காதலித்தார்" என்றே எழுதினேன், கோபத்தோடு.

அந்த அம்மாவோடு வாழ்ந்தவளைப் பற்றித் தேடினேன், போனில் நெட் வந்த போதெல்லாம். ஒன்றும் கிடைக்கவில்லை. பெயர் மட்டும். அவளும் டீச்சராக இருந்திருப்பாளோ? மேடையில் ஒருத்தி பேசிவிட்டு இறங்க, வீட்டில் மற்றவள் அக்கம்பக்கத்தின் ஏச்சை வாங்கியிருப்பாளோ? நினைத்ததும் அழுகை வந்துவிட்டது. என் உண்மையைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. லில்லியின் சோற்றைத் தூக்கிப் பந்தயம் கட்ட உரிமை இல்லை. அந்த மூன்று பேரிடமும் இதைக் கேட்க ஆசை. என்ன சொல்வார்களோ தெரியாது.

ஜூலை 12, சனி

வாங்க: உப்பு, மெழுகுவத்தி, லி.க்கு இருமல் மருந்து.

"தோழின்னே சொல்லிர்றேன்" என்றேன். தலையாட்டினாள். நிம்மதிப்படுவாள் என்று நினைத்தேன். சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனாள்.

கண்ணாடி முன்னால் இன்று ஒரு வாக்கியமும் வரவில்லை. படங்களைப் பார்க்காமல் முகம் கழுவினேன்.

ஜூலை 13, ஞாயிறு

மதியம். வீட்டுக்கு வந்துவிட்டோம். லில்லி வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறாள். டோ செல்வம் இரண்டு தடவை போன் செய்துவிட்டார். எடுக்கவில்லை.

கோயில் நிறையக் கூட்டம். வெளியே ஜெனரேட்டர் சத்தம். முன்வரிசையில் டோ செல்வம், விசிறியோடு. பக்கத்து பெஞ்சுகளில் போனும் கையுமாகப் பிள்ளைகள். லில்லி என் இடப்பக்கம், இன்னொரு மைக்கோடு.

அந்த அம்மாவின் பெயரைச் சொன்னேன். தோலின் நிறத்துக்காக அடைத்த கதவுகள், நடத்திய பள்ளிக்கூடம். என்னைக் காலாமா என்று கூப்பிட்டதையும், வீட்டிலேயே கருப்பி என்றதையும், அந்த அம்மாவின் படத்தைப் பார்த்த பிறகுதான் என் முகத்தை முழுசாகப் பார்த்தேன் என்பதையும் சொன்னேன். பிள்ளைகள் போனைக் கீழே வைத்தார்கள். லில்லி ஒவ்வொன்றாகப் பர்மியில் சொல்லிக்கொண்டு வந்தாள். குரல் பிசகவில்லை.

பிறகு அந்த வாக்கியம். "கடைசி வரை ஒரு தோழியோடு ஒரே வீட்டில் வாழ்ந்தார்."

லில்லி மைக்கை வாயிலிருந்து இறக்கினாள்.

காதில் விழவில்லையோ என்று மறுபடி சொன்னேன். தோழி. என்னைத் திரும்பிப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. பிறகு பிள்ளைகள் பக்கம் திரும்பி, பர்மியில், நிதானமாக, அந்த அம்மா ஒரு பெண்ணைக் காதலித்தார், சாகும்வரை அவளோடுதான் வாழ்ந்தார் என்றாள்.

தமிழ் தெரியாதவர்கள் அங்கே உண்டு. பர்மி தெரியாதவர் ஒருவரும் இல்லை. டோ செல்வத்தின் விசிறி அப்படியே நின்றது. பின்னால் யாரோ, "என்ன சொல்றா இவ?"

எனக்கு அடுத்த வாக்கியம் மறந்துவிட்டது. தாளில் எழுத்தே தெரியவில்லை. லில்லி எனக்காகக் காத்திருந்தாள். பிறகு பெரியவர்கள் பக்கம் திரும்பி, இந்தத் தடவை தமிழிலேயே சொன்னாள்:

"நானும் எஸ்தரும் அப்பிடித்தான்."