பாதி ஏர்பஸ், முழு செஸ்னா

ஏங்க,

“கம்ப்யூட்டர்ல ஓட்டுறதுக்குத்தானே அந்த ரூம்ல பிளேனோட முன்பக்கம் மாதிரி செய்றீங்க? சின்ன செஸ்னாவே செய்யலாமே?” என்று நேற்று கேட்டேன்.

“அதுல நமுனுகுல மலை ஏறவே மூச்சு வாங்கும்டி. பெரிய ஏர்பஸ்தான். ரூம் ஏழடி, அதனால கேப்டன் பக்கம் மட்டும் செஞ்சா போதும்.”

“அப்ப பக்கத்து சீட்டு?”

“அந்த வேலைய கம்ப்யூட்டர் பாத்துக்கும்.”

நீங்க சிரிச்சீங்க. நான் ரொட்டியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தது அதனால்தான், ரொட்டி கருகியதால் இல்லை.

பலகை வெட்ட மஹ்ரூப் நானா பத்து மணிக்கு வருவார். வெட்டிய பிறகு மாற்ற முடியாது. அவருக்குத் தேத்தண்ணி கொடுங்க, சீனி போடாமல். பருப்பும் சம்பலும் மூடி வைத்திருக்கிறேன். பள்ளிக்கூடம் விட்டு மூன்று மணி பஸ்ஸில் வருவேன்.

காலையில் நீங்க எழும்புறதுக்கு முன்னே அறையை நானே அளந்தேன். நீங்க ரெண்டு பிளேனுக்கும் அளவு எழுதி வைத்த கடதாசியில் போட்டிருக்கிறபடி செஸ்னாவின் அகலம் மூன்றரை அடிகூட இல்லை. ரெண்டு சீட்டோட முழுசா அடங்கும். தோளோடு தோள் இடிக்கும், அவ்வளவுதான்.

துஷாந்தினி

ஓரத்தில் கொஞ்சம் இடம் இருக்கிறது, இதையும் எழுதிவிடுகிறேன். மூன்று வருஷமா நீங்க கம்ப்யூட்டர்ல பிளேன் ஓட்டும்போதெல்லாம் தேத்தண்ணியை வைத்துவிட்டு, வாசலில் நின்று பார்த்துவிட்டுத்தான் போகிறேன். சிரிப்பீங்களோ என்று கேட்காமலே இருந்தேன். எனக்கும் ஓட்டச் சொல்லிக் கொடுங்க.