மூன்று கோடுகள்

பாவா,

உங்களை ஜெயிலுக்கு அனுப்பிய துப்பாக்கியை இன்று ஸ்டேஷனில் நிபுணர் கழற்றினார். குழலின் அடியிலும் கட்டையின் உள்ளேயும் ஒரேமாதிரி மூன்று கோடுகள் இருந்தன. செய்தபோதே போட்ட அடையாளமாம். எல்லா பாகமும் பழையதென்றால் உரிமம் தேவையில்லை, விட்டுவிடுவார்கள் என்று வக்கீல் சொன்னாரே.

சுடும் விசையான குதிரையைப் பொருத்திய தகட்டில் மட்டும் கோடுகள் இல்லை.

"இது புதுசு. யாரும்மா மாத்தினது?" என்றார்.

உங்கள் தம்பி வெளியே பாப்பாவோடு நின்றிருந்தான். "அண்ணி, பாப்பாவ மலைக்கு இட்டுகினு போய்ட்டு வரேன்" என்று என் முகத்தைப் பார்க்காமல் போனான். அவனுக்குப் போலீஸ் வேலை வந்திருக்கிறது. காட்டுப்பன்றி சுட அவன் மாற்றியதைச் சொல்லக்கூடாது என்று நீங்கள் சத்தியம் வாங்கியிருக்கிறீர்கள்.

மலையிலிருந்து திரும்பியவள், உங்களைக் கூப்பிடுவதுபோல, அவனை நைனா என்று கூப்பிட்டாள்.

திங்கட்கிழமை கோர்ட்டில் சொல்லிவிடுவேன். கோபித்துக்கொள்ளவாவது வீட்டுக்கு வாருங்கள்.

உங்கள் பாப்பாவின் அம்மா