அம்சவள்ளி வேலியில் இன்னொரு வழி

4.6.1978

அம்சவள்ளி வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே கிளுவை வேலி. இடுப்பில் குடத்தோடு ஒருக்களித்து நுழையும் அளவுக்கு அதில் ஒரு சந்து. வேலி போட்ட அன்றே நாங்கள் இருவரும் சேர்ந்து விட்ட வழி. குழம்புக் கிண்ணம் அதில்தான் போகும், வரும்.

இன்று பார்க்கிறேன், அவள் கொல்லையின் அந்தப் பக்க வேலியிலும் ஒரு வழி வெட்டியிருக்கிறாள். அங்கே புதிதாகக் குடிவந்த சாந்தா வீடு. இரண்டு பேர் கைகோத்துப் போகலாம், அவ்வளவு அகலம்.

எனக்கென்ன. அவள் வேலி, அவள் வெட்டுகிறாள்.

9.6.1978

மீன்குழம்பு கொண்டு போனேன். "வெச்சுட்டுப் போடி, சாந்தா கூப்பிடுது" என்று அந்தப் பக்கம் போய்விட்டாள். அப்புறம் ஒரே சிரிப்பு. ஆளே தெரியாத உயரத்துக்கு வேலி வளர்ந்து கிடக்கிறது. என்ன பேசுகிறார்கள்? என்னைப் பற்றியா?

சாந்தா அரியலூரில் படித்தவளாம். ஸ்வெட்டர் பின்னுவாளாம். இந்த வெயிலில் யாருக்கு?

12.6.1978

கிண்ணம் இன்னும் வரவில்லை.

15.6.1978

வந்தது. வெறும் கிண்ணம். எப்போதும் ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் தருவாள். சாந்தா வூட்டுக்கு மட்டும் முறுக்கு போகுது, நானே பார்த்தேன். வயிறு எரியுது. ஆமாம், எரியத்தான் செய்யுது. இதுல கூட மறைச்சு எழுதணுமா?

இவரிடம் சொன்னால், "அவ கொல்லைக்கு ரெண்டு வழி இருந்தா உனக்கு என்னடி?" என்கிறார்.

19.6.1978

டவுன் பஞ்சாயத்து பில் கலெக்டர் ராசாங்கம் தெருவுக்கு வந்திருந்தான். வேலி எவ்வளவு உயரம் இருக்கலாம் என்று சும்மா கேட்பது போலக் கேட்டேன்.

"நெஞ்சு உயரந்தாங்கக்கா. மேல வேணும்னா மனு கொடுத்து, ஆள் உயரத்துக்குச் சுவரு வெச்சுக்கலாம்."

"அப்ப அம்சவள்ளி வூட்டு அந்தப் பக்க வேலியை வந்து பாருங்க தம்பி. என் பேரு மட்டும் வரக்கூடாது."

தலையாட்டினான். வேலியைக் குறைத்தால் இரண்டு தலையும் தெரியும். எனக்கு அது போதும்.

23.6.1978

அய்யோ. ராசாங்கம் டேப்போடு வந்தவன், அம்சவள்ளி கொல்லையில் நின்றுகொண்டு, சந்து வழியாக என்னைப் பார்த்துக் கத்துகிறான் — "அக்கா, நீங்க சொன்ன வேலி இதுதானுங்களே?"

கையிலிருந்த முறத்தால் முகத்தை மறைத்துக்கொண்டேன். அம்சவள்ளி உள்ளே போய்க் கொல்லைக் கதவைச் சாத்துவது மட்டும் கேட்டது. திட்டித் தொலைச்சிருக்கலாம்.

அவன் அதோடு விடவில்லை. எங்கள் நடு வேலியையும் அளந்தான். அதுவும் உயரமாம். "சட்டம் எல்லா வேலிக்கும் ஒண்ணுதாங்கக்கா."

24.6.1978

சந்தில் நின்று "அம்சா" என்று கூப்பிட்டேன். அவள் காதில் விழுந்தது. எனக்குத் தெரியும்.

6.7.1978

அந்தப் பக்க வேலியை அவளும் சாந்தாவும் வேரோடு எடுத்துவிட்டார்கள். குறைப்பார்கள் என்றுதானே நினைத்தேன்? இப்போது இரண்டு கொல்லையும் ஒன்று. ஒரே கொடியில் இரண்டு வீட்டுப் புடவையும் காய்கிறது. எல்லாம் நன்றாகத் தெரிகிறது. பார்க்கத்தான் முடியலை.

20.7.1978

எங்கள் நடு வேலியும் போயிற்று. நானும் அவளும் மழையில் நனைந்துகொண்டே நட்ட கிளுவைப் போத்துகள். அந்த இடத்தில் சுவர் எழும்புகிறது. மனு கொடுத்து அனுமதி வாங்கினாளாம், ஆள் உயரத்துக்கு. சந்து எந்த இடத்தில் இருந்தது என்று தேடிப் பார்த்தேன். சரியாகச் சொல்ல முடியவில்லை.

24.7.1978

அம்சவள்ளி வந்தாள். வாசல் வழியாக! தெருவைச் சுற்றி, செருப்புப் போட்டுக்கொண்டு. உட்காரவில்லை.

"சுவரு காயக் கூடாதுன்னு கொத்தனார் சொன்னாரு. உங்க பக்கமும் காலையில சாயந்தரம் கொஞ்சம் தண்ணி ஊத்தி விடுறீங்களா?"

விடுறீங்களா. என்னைப் பார்த்து. வாடி போடி என்று கூப்பிட்ட வாய்.

"சரிங்க" என்றேன். நானும்.

26.7.1978

காலையில் ஊற்றினேன். சாயந்தரமும் ஊற்றினேன். அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம். தடவிப் பார்த்தேன், எங்கேயும் வெடிப்பு இல்லை. சுவர் நன்றாகப் பிடித்துக்கொண்டது.