பேராசிரியர் கதவுக்குக் காவல்

ஆகஸ்ட் 5, திங்கள்
நாற்பத்தேழு வயதில் பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டு. வகுப்புக்குள் நுழைந்ததும் எல்லோரும் எழுந்து வணக்கம் சொன்னார்கள். நான் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் விஷயம் புரிந்து அசடு வழிந்தார்கள்.

வீட்டில் மகளிடம் கிரெடிட் என்றால் என்ன என்று கேட்டேன். அவள் அதே பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருஷம், வேறு டிபார்ட்மென்ட். "ஒரு பாடத்துக்கு எவ்வளவு எடைன்னு அர்த்தம்மா. எல்லாப் பாடத்தோட கிரெடிட்டும் சேர்ந்தாதான் பட்டம்." செமஸ்டர், எலக்டிவ் எல்லாம் விளக்கினாள். அதற்கடுத்த கேள்விக்கு முகம் சுளித்தாள். இனி அவளிடம் கேட்பதாக இல்லை.

ஆகஸ்ட் 8, வியாழன்
ஒரு பாடத்துக்கு 30ஆம் தேதிக்குள் அவரவர் ஆய்வுத் தலைப்பைப் பேராசிரியர் ஒப்புக்கொள்ள வேண்டுமாம். இல்லாவிட்டால் பாடத்திலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். அவர் அறைக்குப் போனேன். பூட்டு. கதவில் "ஆபீஸ் ஹவர்ஸ்: செவ்வாய் 2–4" என்று ஒட்டியிருக்கிறது. அந்த நேரத்தில் மும்முரமாக வேலை செய்வார் போல, தொந்தரவு பண்ணக் கூடாது. பல் டாக்டரிடம் வரவேற்பு மேசையில் பல வருஷம் உட்கார்ந்தவளுக்கு இதுகூடவா தெரியாது? டாக்டர் பல் பிடுங்கும்போது ஒருத்தரையும் நான் உள்ளே விட்டதில்லை.

ஆகஸ்ட் 13, செவ்வாய்
நான்கு மணிக்கு முதல் ஆளாகப் பிடித்துவிடலாம் என்று வாசலில் உட்கார்ந்தேன். இரண்டு பிள்ளைகள் கதவைத் தட்ட வந்தார்கள். "மேடம் வேலையா இருக்காங்க, அப்புறம் வாங்கப்பா." "சாரி மேடம்" என்று ஓடிவிட்டார்கள். நாலு அடித்ததும் பேராசிரியர் வெளியே வந்து விறுவிறுவென்று படியிறங்கிப் போய்விட்டார். பின்னால் ஓட என் முழங்கால் ஒத்துழைக்கவில்லை.

ஆகஸ்ட் 16, வெள்ளி
பூட்டு.

ஆகஸ்ட் 19, திங்கள்
பூட்டு. இந்த அம்மா எப்போதுதான் வருவார்?

ஆகஸ்ட் 20, செவ்வாய்
இன்று ஆறேழு பேரைத் திருப்பி அனுப்பினேன். ஒருத்தி அழுதாள். தண்ணீர் கொடுத்து, "மேடத்துக்கு மூச்சுவிட நேரமில்லம்மா" என்று தேற்றினேன். அதற்குள் மேடத்தைக் கோட்டை விட்டேன்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு
சாப்பிடும்போது மகள் சிரித்துப் புரையேறிச் சொன்னாள்: "உங்க டிபார்ட்மென்ட்ல வாசல்ல ஒரு ஆண்ட்டியைப் போட்டிருக்காங்களாமே? மேடத்தைப் பார்க்கவே விடமாட்டேங்கறாங்களாம். பசங்க போய் சந்தேகம் கேக்கத்தானம்மா ஆபீஸ் ஹவர்ஸே! கேன்டீன் முழுக்க இதே பேச்சு."

ஐயோ, என்ன காரியம் பண்ணிட்டேன்! அந்தப் பொண்ணு வேற அழுதுச்சே. அவங்களுக்கும் தலைப்பு கிடைக்கலைன்னா— என்னாலதானே?

ஆகஸ்ட் 27, செவ்வாய்
இரண்டு மணிக்குத் தட்டினேன். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். "ரெண்டு வாரமா ஈ ஓட்டிட்டு இருந்தேங்க. என்னைப் பார்த்துப் பயப்படறாங்கன்னு வீட்ல போய்ப் புலம்பினேன்."

எல்லோருக்கும் ஒரு வாரம் கூடுதல் அவகாசம் கொடுத்தார். என் தலைப்பு அங்கேயே முடிவானது: மாணவர்கள் ஏன் ஆசிரியர் கதவைத் தட்டுவதில்லை? "நீங்க விரட்டினவங்களை விடுங்க. தானாவே வராதவங்க எத்தனையோ பேர். அவங்களைக் கேளுங்க."

செப்டம்பர் 1, ஞாயிறு
முதல் பேட்டி. "என்னை எழுதிக்கோம்மா" என்று மகளே எதிரில் வந்து உட்கார்ந்தாள். முதல் வருஷம் ஒரு பாடத்தில் தவறியபோது, கேள்வித்தாள் கஷ்டம் என்றுதான் சொல்லியிருந்தாள்.

"பாடமே புரியலம்மா. சார் ரூம் வரைக்கும் போவேன். என்ன கேக்கறதுன்னு தெரியாம திரும்பிடுவேன். வருஷம் பூரா."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேடி?"

"எம்பொண்ணுக்குத் தெரியாததே இல்லைன்னு நீ எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருந்தியேம்மா."

பேனாவை மூடி வைத்தேன். பேட்டி பாதியில் நிற்கிறது. இப்போதும் ஒரு பாடம் அவளுக்குப் பிடிபடவில்லையாம். நாளை அந்தப் பாடத்தின் பேராசிரியரைப் பார்க்கப் போகிறாள். துணைக்கு என்னைக் கூப்பிட்டிருக்கிறாள்.