நிமிர்ந்து நின்ற படம்

களுவாஞ்சிக்குடி
09.12.2006, சனிக்கிழமை

என் அன்பின் அன்ரோவுக்கு,

நிலானி எழுதுகிறேன். ஆண்டவர் கிருபையால் உடம்புக்கு ஒன்றும் இல்லை. அங்கே குளிர் தொடங்கிவிட்டது என்று போனில் சொன்னீர்கள். காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போங்கள், சாப்பாட்டை விடாதீர்கள். சுகம் விசாரித்தது போதும். இனி எழுதப் போவதை ஓரிடத்தில் இருந்து வாசியுங்கள்.

இதைத் தபாலில் போடவில்லை. உங்கள் தம்பி பீற்றர் நீங்கள் இருக்கும் கட்டாருக்கு வரும்போது ஜெபப் புத்தகத்தின் உறைக்குள் வைத்துக் கொண்டுவருவார். போனில் பேசக்கூடிய விசயம் இல்லை இது. நம் வீட்டு ஆட்களைத் தவிர வேறு யாருடைய பெயரையும் எழுதப் போவதுமில்லை. நமக்குக் காலையில் இடியப்பம் கொண்டுவந்து தரும் அக்காவை நினைவிருக்கும். சுனாமியில் புருசனையும் மகளையும் கொடுத்துவிட்டு, மிஞ்சின ஒரே மகனோடு இருக்கிறார். அந்த மகன் இந்த வருடம் என் வகுப்பில், ஒன்பதாம் ஆண்டு. அவனைத் தம்பி என்றே எழுதுகிறேன்.

வெளிநாட்டுக்காரர் சுனாமிக்குப் பிறகு தந்த கொம்பியூட்டரும் புரொஜெக்டரும் அதிபரின் அறையில் பொலித்தீன் மூடிக் கிடந்தன அல்லவா? சாமிப் பொருள் மாதிரி ஒருவரும் தொடுவதில்லை. வருடக் கடைசியில் படித்த பாடங்களை மீட்டல் என்றால் பிள்ளைகளுக்கு நித்திரை. நான் கரும்பலகையில் எழுத எழுதக் கடைசி வாங்கில் இருக்கிறவர்கள் எல்லோரும் கொட்டாவி. அதனால்தான் நீங்கள் போனில் சொல்லித் தந்தபடி வினாடி வினாப் போட்டி ஒன்று செய்தேன். திரையில் கேள்வி வரும், கீழே விடைகள் வரும், தெரிந்த குழு மணி அடிக்க வேண்டும். மணிக்கு எங்கே போவது? பிள்ளைகளே தங்கள் சைக்கிள் மணிகளைக் கழற்றிக்கொண்டு வந்தார்கள். என்னுடைய வெள்ளைச் சேலைதான் திரை. பிழையான விடைக்குக் கொம்பியூட்டரில் இருந்த வெடிச் சத்தத்தைப் போட்டேன். முதல் தரமே பாதி வகுப்பு மேசைக்குக் கீழே போய்விட்டது. ஆற்றுக்கு அங்கால் ஷெல் விழுந்து நம் யன்னல் அதிரும் நாட்களில் எனக்கு அந்தப் புத்தி போனதைப் பாருங்கள். மறுநாள் அதை எடுத்துவிட்டுத் தவளைச் சத்தம் போட்டேன். பிறகு அதைக் கேட்பதற்காகவே பிழை பிழையாகச் சொன்னார்கள். அந்தச் சிரிப்பை நீங்கள் கேட்டிருக்க வேண்டும்.

நீங்கள் அனுப்பிய கமெராவால் ஜனவரியில் ஒவ்வொரு பிள்ளையையும் வகுப்புச் சுவரோடு நிறுத்திப் படம் எடுத்திருந்தேன். சுவரில் வெண்கட்டியால் அளவுக்கோடு. வருடக் கடைசியில் அதே இடத்தில் இன்னொரு படம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, வளர்ச்சிப் பாடத்துக்கு ஒரு கேள்வி வைத்தேன். இந்த வருடம் ஆகக்கூட வளர்ந்தவர் யார்? எல்லா மணியும் ஒன்றாக அடித்தது. தம்பிதான்.

மற்றப் பொடியன்கள் நீளக் காற்சட்டைக்கு அவசரப்படும் வயதில், அவனுடைய அம்மா அவனை நீலக் கட்டைக் காற்சட்டையோடுதான் அனுப்புவார். அது முழங்காலுக்கு எவ்வளவோ மேலே ஏறிப்போய்க் கிடந்தது. எப்போதும் கூனிக்கொண்டுதான் திரிவான். படம் எடுக்கும்போதும் கூனினான். நான் தோளைப் பிடித்து, ஆம்பிளைப் பிள்ளை, நிமிர்ந்து நில் என்று அதட்டினேன். நிமிர்ந்தான். நான் அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது. திரையில் அந்தப் படம் வந்து வகுப்பே ஆரவாரம் செய்தபோது அவன் மட்டும் சிரிக்கவில்லை. வெட்கம் என்று நினைத்தேன்.

வெட்கம் இல்லை, அன்ரோ. ஆயுதக்காரர் சண்டைக்குப் பிள்ளைகளைப் பிடிக்கிறார்கள் என்று எனக்கும் தெரியும். கோயில் திருவிழாவில் வாகனத்தில் ஏற்றினார்கள், ரியூசன் போகும் வழியில் ஏற்றினார்கள் என்று கேள்விப்படாத கிழமை இல்லை. ஆனால் அவர்கள் வயது கேட்பதில்லை, உயரத்தைத்தான் பார்க்கிறார்கள். அதனால் தாய்மார் கட்டைக் காற்சட்டை போட்டு, கூனி நடக்கப் பழக்கி, பிள்ளைகளைச் சின்னதாகவே வைத்திருக்கிறார்கள். ஊரில் எல்லாத் தாய்க்கும் தெரிந்த இந்த விசயம் பிள்ளை பெறாத எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

அதிபருக்குப் பெருமை தாங்கவில்லை. வியாழக்கிழமை பெற்றோர் கூட்டத்தில் முழுவதையும் போட்டுக் காட்டச் சொன்னார். தம்பியின் படம் வந்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். அவனுடைய அம்மா திரையைப் பார்க்கவில்லை, யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே மோட்டார் சைக்கிளில் இருந்தபடி இரண்டு பேர் உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள். கூட்டம் முடிந்ததும் அந்த அக்கா என்னிடம் வந்தார். ஏசப்போகிறார் என்று நினைத்தேன். மெல்லமாக, புள்ளய ஏன் மிஸ் நிமித்தின நீங்க என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விட்டார். என்னை நாலு வார்த்தை ஏசியிருக்கலாம்.

நேற்று அவர்கள் அதிபரின் அறைக்கே வந்தார்கள். மரியாதையாகத்தான் பேசினார்களாம். உங்கட கொம்பியூட்டர் விளையாட்டு நல்லாத்தான் இரிக்கு சேர், எங்கட ஒபிசில கொஞ்சம் வேலை கிடக்கு, திங்கட்கிழமை வந்து எடுத்துக்கிட்டுப் போறம் என்றார்களாம். போகும்போது, அந்த ஆகக்கூட வளர்ந்த பொடியன்ட வீடு எந்தப் பக்கம் என்று கேட்டார்களாம். அதிபர் தெரியாது என்று சொல்லிவிட்டார். அவர்கள் போனதும் என்னைக் கூப்பிட்டு இதைச் சொன்னார்.

நான் ஓடிப்போய் எல்லாப் படங்களையும் அழித்தேன். கமெராவுக்குள் இருந்த சின்ன அட்டையை அடுப்பில் போட்டேன், கோபிக்காதீர்கள். ஆனால் கணித மிஸ் சொல்கிறார், அழித்தாலும் விசயம் தெரிந்தவன் திரும்ப எடுத்துவிடுவானாம். உண்மையா, அன்ரோ? அழித்தது அழிந்ததுதானா? அதற்குள் என் வகுப்புப் பிள்ளைகள் எல்லோருடைய முகமும் இருந்தது. கீழே பெயரும் ஊரும், நானே கலர் கலராகப் போட்டது. கொம்பியூட்டரை உடைத்துவிடுவோமா என்று அதிபரைக் கேட்டேன். உடைந்து கிடந்தால் ஏன் உடைந்தது என்று கேட்பார்கள் மிஸ் என்றார். தெருவில் சைக்கிள் மணி கேட்டாலே இப்போது எழுந்து யன்னலைச் சாத்துகிறேன். என்னைப் பயந்தாங்கொள்ளி என்று பகிடி பண்ணுவீர்கள். இந்த முறை பண்ணாதீர்கள்.

நாளைக் காலையில் பூசைக்குப் போகிற மாதிரி பீற்றர் தம்பியைக் கூட்டிக்கொண்டு முதல் பஸ்சில் ஏறுகிறார். நீர்கொழும்பில் உங்கள் றோசம்மா அக்கா வீட்டில் அவனை விட்டுவிட்டுத்தான் பிளேன் ஏறுவார். கிறிஸ்மசுக்கு ஆள் வருகிறது என்று மட்டும் றோசம்மா அக்காவுக்குப் போனில் சொன்னேன். எனக்குத் திரும்பப் போன் எடுக்க வேண்டாம் என்றும் சொன்னேன். போன் கடையில் யார் யார் காது கொடுக்கிறார்கள் என்று தெரியாது.

அவர்கள் பார்த்தது கட்டைக் காற்சட்டைப் பொடியனை. அதனால் உங்கள் சாம்பல் நிற நீளக் காற்சட்டையை எடுத்துக் கொடுத்தேன். அவனுடைய அம்மா இன்று பின்னேரம் நம் வீட்டில் கதவைச் சாத்திவிட்டு இருந்து அதைச் சுருக்கித் தைத்தார். சுருக்க அதிகம் இருக்கவில்லை. அவனைப் போட்டுக் காட்டச் சொல்லி, வடிவாத்தான் இரிக்கு மனே என்றார். பிறகு அவன் நெற்றியில் இருந்த திருநீற்றைத் தன் கையாலேயே துடைத்துவிட்டார். நான் செபமாலையைப் போட்டுவிட்டேன். சிலுவை அடையாளம் போடப் பழக்கினேன். எத்தனை தரம் காட்டியும் இடது தோளை விட்டுவிட்டு வலது தோளைத்தான் முதலில் தொடுகிறான். மறிக்கிற இடத்தில் யாராவது போட்டுக் காட்டு என்று கேட்டால் என்ன செய்வான்?

இந்தக் கடிதம் உங்கள் கையில் இருந்தால் பீற்றர் வந்து சேர்ந்துவிட்டார். அவர் வந்திருந்தால் தம்பி றோசம்மா அக்கா வீட்டில் இருக்கிறான். அது உங்களுக்குத்தான் முதலில் தெரியும். உடனே எனக்குப் போன் எடுங்கள். ஒன்றும் கேட்க வேண்டாம். கிறிஸ்மஸ் வாழ்த்துச் சொல்லுங்கள், நான் போய்த் தம்பியின் அம்மாவிடம் சொல்லிவிடுவேன். அதுவரைக்கும் அவர் நாளும் வழக்கம் போல இடியப்பம் கொண்டுவருவார், நானும் வழக்கம் போல வாங்குவேன். அவருடைய முகத்தை எப்படிப் பார்ப்பேன் என்று தெரியவில்லை. இதை வாசித்ததும் கிழித்துவிடுங்கள்.

வழியில் மறித்துக் கேட்டால், அன்ரோவின் மகன், சித்தப்பாவோடு போகிறேன் என்று சொல்லப் பழக்கியிருக்கிறேன். இனி யாராவது உங்களுக்கே போன் எடுத்துக் கேட்டாலும், ஓம், என்னுடைய மகன்தான் என்று சொல்லிவிடுங்கள். யோசிக்காமல் சொல்லுங்கள்.

றோசம்மா அக்கா வீட்டுக்குப் போன் எடுக்கும்போது அவனோடும் இரண்டு வார்த்தை பேசுங்கள். அங்கேயும் கூனிக்கொண்டுதான் நிற்பான். நிமிர்ந்து நில்லு மனே என்று நீங்கள் அவனுக்குச் சொல்லுங்கள். எனக்கு இனி அது வாயில் வராது.

மாதா உங்களையும் அவனையும் தன் முந்தானைக்குள் வைத்துக்கொள்ளட்டும்.

உங்கள்,
நிலானி