பொடி ரவை

அன்புள்ள செல்வமேரிக்கு,

ஆண்டவர் காவலில் நீயும் நம் மகள் ஷீபாவும் சுகமாக இருப்பீர்கள். உன் முட்டி வலி குறைந்ததா? போனில் என் குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் மேனேஜரின் பண்ணையிலிருந்து தப்பிய வான்கோழி ஒன்று, நான் காவலிருக்கும் குடோனுக்குப் பின்னால் முள்ளுக்காட்டில் திரிகிறது. கிறிஸ்துமஸுக்கு அதைச் சுட்டுத் தரச் சொன்னார். என் துப்பாக்கிக்குக் குழல் குட்டை. தோட்டாவுக்குள் இருக்கும் ஈயக் குண்டுகளைத்தான் ரவை என்பார்கள். "பெரிய ரவை போடுண்ணே. பொடி ரவைன்னா விரிஞ்சிக்கினு பூடும்" என்றான் கூட இருக்கும் வாட்ச்மேன் அன்பு. விரியட்டும் என்றுதான் பொடி ரவையைப் போட்டேன். என் கண்ணுக்குக் குறி தவறினாலும் நாலு ரவையாவது படுமே!

மூன்று நாளைக்கு முன் காலையில் புதருக்குள் சிவப்பாக ஒரு தலை அசைந்தது. விசையில் விரலை வைத்துவிட்டேன். அப்போது அந்தச் சிவப்பு பேசியது.

"அம்மா, சாப்ட்டியா? எனக்கு இன்னிக்கு ஓ.டி. கீதும்மா."

கம்பெனிப் பெண். சிவப்புத் துப்பட்டாவை முக்காடிட்டு உட்கார்ந்து போன் பேசிக்கொண்டிருந்தாள். என்னை அவள் பார்க்கவேயில்லை.

தோட்டாவை உருவி மேனேஜர் மேசையில் வைத்துவிட்டேன். ஒன்றும் ஆகவில்லை, நீ பயப்படாதே. ஷீபாவிடம் சிவப்புத் துப்பட்டா இருந்தால் போட்டுக்கொண்டு வெளியே போக வேண்டாம் என்று சொல்.

ஷிப்டு மணி அடித்துவிட்டது. ஊர்க்காரர் யாராவது இந்தப் பக்கம் வந்தால் கொஞ்சம் புட்டுமாவு கொடுத்தனுப்பு. மெஸ்ஸில் தினமும் ரவை உப்புமாதான். மூன்று நாளாக வாயில் வைக்க முடியவில்லை.

உன்
கிறிஸ்துதாஸ்